சிலோன் எடுக்காத ரேடியோ

எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் என் மாமனாரின் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி, டார்ச் விளக்கு, கைக்கடிகாரம், அலாரம் கடிகாரம் எல்லாம் விற்போம். ஒரு வருடம் மாமா டிரான்சிஸ்டர் ரேடியோவும் போடலாம் என்றார். சென்னையிலிருந்து கப்பலில் இரண்டு மாதிரிகள் வந்தன. எங்கள் முதலுக்கு ஒரு வகையைத்தான் வரவழைக்க முடியும்.

ஒன்று சிவப்பு பிளாஸ்டிக்கில், கையடக்கமாக, பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஒரே ஒரு பேண்ட், அதாவது ஒரே அலைவரிசைதான். இரண்டு பேட்டரிக் கட்டை போதும். மற்றது கறுப்புத் தோல் உறை போட்ட கனத்த பெட்டி. மூன்று பேண்ட், நான்கு கட்டை, விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அதிகம் பேசாதவர். அவர் இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நான்கு நாள் அலைந்தார். ஷாதிபூரில் எங்கள் வீட்டு மாடியில் வைத்துக் கேட்டார். லம்பா லைனில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலையிலும் மத்தியானத்திலும் கேட்டார். திரும்பி வந்து மாமாவிடம் சொன்னார்: "வாப்பா, சின்னதுல நம்ம ஊர் ஸ்டேஷன் மட்டுந்தான் வருது. பெருசுல பகல்லயே சிலோன் ரேடியோ கணீர்னு கேக்குது. இங்க உள்ள தமிழாளு ரேடியோ வாங்குறதே சிலோன் கேக்கத்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன் சென்னையில் இரண்டு வருடம் கடையில் நின்றவன் நான். வியாபாரம் எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

"மச்சான், ஜனங்க காதால வாங்குறதில்ல, கண்ணால வாங்குறாங்க" என்றேன். "கப்பல் ஒரு மாசம் லேட்டானா ஊர்ல பேட்டரிக்கட்டையே கிடைக்காது. நாலு கட்டை போட்டுட்டு யாரு கேப்பா? சின்னது சல்தா ஹை, அது போதும். மெயின்லேண்ட்ல அதுதான் ஓடுது."

மாமா என் பக்கம் சாய்ந்தார். "மாப்பிள்ளை சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் நான் இரண்டு ரேடியோவையும் கேட்டுப் பார்த்தேன். மச்சான் சொன்னது அப்படியே உண்மை. சிவப்பு ரேடியோவில் உள்ளூர் நிலையம் தவிர வெறும் இரைச்சல்தான். ஆர்டர் போடுமுன் சொன்னதை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருந்தது. மச்சான் முன்னால் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு ரேடியோவுக்கே ஆர்டர் போட்டோம்.

முதல் மாதம் நன்றாகத்தான் விற்றது. பிறகு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து முணுமுணுத்தார்கள். அதற்குள் பஜாரில் நான்கு கடை தள்ளி இருந்த ஒருவர் அந்த மூன்று பேண்ட் பெட்டியை வரவழைத்தார். அவர் கடையிலிருந்து சிலோன் பாட்டு எங்கள் கடைவரை கேட்கும். எங்கள் அலமாரியில் சிவப்பு ரேடியோக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மச்சான் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போதுதான் கச்சால் தீவிலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மறுநாள் கப்பலேற வேண்டும். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சிவப்பு ரேடியோவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல சிலோன் கேக்குமுங்களா?" என்றார். "எங்கப்பா அங்கயே நின்னுட்டாரு. வயசாளி. கடுதாசி வர ரெண்டு மாசம் ஆகுது. காலையில மரண அறிவித்தல் வாசிப்பாங்கள்ல, ஏதாச்சும் ஒண்ணுன்னா அதுல சொல்லச் சொல்லி தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன்."

மச்சான் அப்போது துறைமுகத்துக்குப் போயிருந்தார். நான்கு கடை தள்ளிப் போங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கேக்கும்மா, நல்லா கேக்கும். உங்க தீவு சிலோனுக்கு இன்னும் கிட்டத்தானே?" என்றேன். "முள்ளை மெதுவா, பொறுமையா திருப்பணும். அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்தது. கணவர் பணத்தை எடுத்தார். நான் புதுக் கட்டை இரண்டு போட்டு, உள்ளூர் நிலையத்தை வைத்துக் காட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அலமாரியில் ஒன்று குறைந்தது என்ற சந்தோஷம்தான் அப்போது எனக்கு இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

ஏழெட்டு மாதம் கழித்து கணவர் மட்டும் வந்தார். ரேடியோவைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இது கெட்டுப்போச்சு. பாத்துக் குடுங்க" என்றார்.

நான் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது. இருந்தும் ஊசி முனையால் இங்கும் அங்கும் தொட்டு, பழுது பார்ப்பதுபோல நடித்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அவதான் கெடுத்தா. விடியக்கால எந்திரிச்சு முள்ளத் திருப்பு திருப்புன்னு திருப்புவா. ஒண்ணும் வராது. தம்பி பொறுமையாத் திருப்பச் சொன்னாரு, ஒனக்குப் பொறுமையே இல்லன்னு ஏசுவேன். போன மாசம் தங்கச்சி கடுதாசி வந்துச்சு. அப்பா செத்து ரெண்டு மாசமாச்சாம். மூணு நாளு காலையில ரேடியோவுல சொன்னாங்களாம், அவ பேரையும் சேத்து. எனக்கு ஆத்திரம் தாங்கல. நீதான்டி கெடுத்தேன்னு கை நீட்டிட்டேன். அப்பல இருந்து என்கூட பேசுறதில்ல."

மச்சான் பக்கத்தில் துணி அளந்துகொண்டிருந்தார். கோலை வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, இது கெட்டுப் போகல. இதுல சிலோன் எடுக்கவே எடுக்காது. புதுசா இருந்தப்பவும் எடுக்காது" என்றார்.

அந்த மனிதர் என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. புரியாமல் பார்த்தார்.

"அப்ப அவ கெடுக்கலியா?" என்றார்.

"இல்ல" என்றார் மச்சான்.

அந்த மனிதர் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கையில் ஊசியுடன் நின்றேன். அவ்வளவு நேரம் நான் நடித்ததை மச்சானும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நான்கு கடை தள்ளிப் போய், என் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு மூன்று பேண்ட் பெட்டி வாங்கினேன். அதை அந்த மனிதரிடம் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மச்சான், "மாப்ள, அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க" என்றார். சொன்ன தொனியில் கடுமை இல்லை. நானும் அந்தக் கணவருடன் அடுத்த கப்பலில் ஏறினேன். கார் நிக்கோபார் தீவில் சரக்கு இறக்கக் கப்பல் ஒரு பகல் முழுவதும் நின்றது. அவர் தன் சாப்பாட்டை எனக்கும் பங்கு வைத்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்தில் தகரக் கூரை போட்ட வீடு. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லி, பால் இல்லாத தேநீர் கொடுத்தார். கணவர் முற்றத்திலேயே நின்றார். நான் பெட்டியை முன்னால் வைத்தேன்.

"அம்மா, உங்க மேல தப்பில்ல" என்று தொடங்கினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனிக்காரன் தப்பான சரக்க அனுப்பிட்டான். எங்களுக்கே தெரியாம போச்சு."

கப்பலில் நான் கோத்து வைத்த வார்த்தைகளில் இது இல்லவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"அய்யோ, அதுக்காக நீங்க இம்புட்டுத் தூரம் கடல்ல வந்தீங்களா?" என்றார் அவர். பிறகு முற்றத்தைப் பார்த்து, கணவரிடம், "கேட்டீங்களா?" என்றார். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் வந்தது. அதையும் குடித்தேன்.

திரும்பி வந்ததும் மச்சான், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என்ன சரக்கு வரவழைப்பது என்பதை அதன் பிறகு அவரே பார்த்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே நான் துணிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மச்சானும் இப்போது இல்லை. அவரிடம் சொன்ன "சொல்லிட்டேன்" என்ற அந்த ஒரு வார்த்தையையாவது திருத்தியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருபது வருடம் நின்று வியாபாரம் செய்தோம்.