புளியங்காட்டைப் பிடுங்கினேன்

சுனாமிக்கு மறுவருடம், மரக்காணத்தில் எங்கள் வீட்டு மாடியில், அகலமான மண்தட்டில் புளியங்கொட்டைகளை விதைத்துப் போன்சாய் காடு வளர்த்தேன். முளைத்த கன்றுகளின் வேரை நறுக்கி, உயரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அப்போது இரண்டு வயதான என் மகளும் உயரவில்லை.

"வளர்ற மரத்த நறுக்கி நறுக்கிக் குள்ளமாக்குனா, வீட்டுல புள்ள மட்டும் எப்படிம்மா வளரும்?" என்றார் மாமியார்.

படித்தவள் நான், சிரித்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதற்கு, உப்பளத்திலிருந்து களைத்து வந்த கணவர், "மொதல்ல அத்தப் புடுங்கிப் போட்டுப் பாரேன்" என்றார். காடு முழுவதையும் நானே பிடுங்கி எறிந்தேன். இனி வளர்ந்துவிடுவாள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

முகம் வீங்கி, எந்நேரமும் அவள் தூங்கிக் கிடந்த பிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தைராய்டு குறைபாடாம். "இவ்ளோ நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். செடி பிடுங்கினேன் என்றா சொல்ல முடியும்?

இப்போது அவளுக்கு நான்கு வயது; மாத்திரையால் வளர்கிறாள். மாதந்தோறும் கதவில் கோடு போட்டு அவள் உயரம் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.

மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வது மட்டும் தினமும் காதில் விழுகிறது: "அந்தச் செடியப் புடுங்குனப்புறம்தான் எங்க புள்ள வளருது!"