தட்டில் இரண்டு கண்களும் முழந்தாளிட்ட ஒரு வணிகரும்

கடையொன்றைப் பிறப்பிடமாகவும் எனது இடது சப்பாத்தை வதிவிடமாகவும் கொண்ட நாடா, கடந்த சனிக்கிழமை காலை மோர்னிங்சைட் பஸ் தரிப்பிடத்தில் அறுந்துவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறேன். பயணம் நிற்கவில்லை. ஐந்நூறு வருடப் பழைய இத்தாலியப் படத்தின் மர்மத்தை உடைத்த வீரனுக்கு நாடா ஒரு பொருட்டா?

காரணம் இதுதான். திங்கட்கிழமை அந்தப் படத்தை வகுப்பில் விளக்காவிட்டால் ஓவியப் பாடம் சறுக்கும், கோடை விடுமுறை பள்ளிக்கூடத்தில் கழியும். நான் விளையாட்டுக் கடைக்குள் நுழைந்துவிடுவேன் என்று அம்மா பதினொரு வயதுத் தங்கை துளசியைக் காவலுக்கு அனுப்பினார். பஸ்ஸில் கென்னடி நிலையம், அங்கிருந்து சுரங்க ரயில். ஓவியக்கூடத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்.

படத்தில் மோதிரங்கள் மின்ன ஒரு வணிகர் முழந்தாளிட்டுக் கும்பிடுகிறார். பின்னால் ஒரு பெண், அவர் தோளில் கை வைத்தபடி நிற்கிறார். அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு பொன் தட்டு, கையில் இரண்டு வெள்ளை உருண்டைகளுடன் இன்னொரு தட்டு. விளக்கப் பலகை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. இரண்டிலும் எனக்கு ஒரே அளவுதான் விளங்கியது. பணக்காரர்தான் புனிதர், அந்தப் பெண் சாப்பாடு பரிமாறுகிறவர், தட்டில் இருப்பது கொழுக்கட்டை என்று முடிவு கட்டினேன். ஆனால் இத்தாலியில் ஏது கொழுக்கட்டை? அரை மணித்தியாலம் குழம்பினேன்.

"உது கொழுக்கட்டை இல்லையண்ணா, கண். வடிவாப் பார்," என்றாள் துளசி. "கண் வருத்தம் மாறினா அம்மன் கோயிலுக்கு வெள்ளிக் கண் செய்து குடுக்கிறவை எல்லோ. உவரும் ஏதோ நேர்ந்திருப்பார். அவதான் சாமி."

"அப்ப உவருக்குப் படத்துக்குள்ள என்ன வேலை?"

"உபயகாரர். காசு குடுத்தவர் முன்னுக்கு நிக்காமல் எங்க நிக்கிறது?"

எங்கள் கோயில் ரியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு எழுதியிருக்கும் உபயகாரர் பெயர் நினைவுக்கு வந்தது. எல்லாம் விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பஸ்ஸில் ஏறும்போதே ரயிலுக்கும் செல்லுபடியாகும் மாற்றுச் சீட்டை வாங்குங்கள். குளிர்கோட்டைப் பூட்டி வைக்க இருபத்தைந்து சதம் வேண்டும். சப்பாத்து நாடாவைச் சோதியுங்கள்.

திங்கட்கிழமை உபயகாரர் விளக்கத்தைக் கேட்டு ஆசிரியை தலையாட்டினார். பிறகு, முகத்திலும் கண்கள் இருக்கின்றனவே, தட்டில் எதற்கு என்று கேட்டார். மாற்றுச் சோடி என்றேன். வகுப்பு சிரித்து முடிய நேரமெடுத்தது, கோடை தப்பியது.

மர்மத்தை உடைத்த வீரன் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த ஆராய்ச்சியில் என் சொந்தக் கண்டுபிடிப்புகள் கொழுக்கட்டையும் மாற்றுச் சோடியும் மட்டுமே.