வார்த்தையைக் கடைசிவரை படித்த செல்லக்கனி அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலையில் செல்லக்கனி அக்காவின் மகனிடமிருந்து போனில் செய்தி வந்தது. ‘அம்மா எக்ஸ்பயர்ட்’ என்று இங்கிலீஷில் ஒரே வரி. அவனுக்குத் தமிழ் எழுத வராது. மும்பை பக்கத்து அம்பர்நாத் மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில், காலாவதி என்ற அர்த்தத்தில் அந்த வார்த்தையைப் பெட்டி பெட்டியாகப் பார்த்தவர்கள் நாங்கள். அது எங்கள் அக்காவுக்கும் வரும் என்று நினைத்ததில்லை. சாயா குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

அக்கா தாராவியில் எட்டாவது வரை தமிழில் படித்தவர். சயானில் ரயில் ஏறியதும் பையிலிருந்து பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதியை எடுப்பார். ஒரே எழுத்துகளில் தொடங்கும் வார்த்தைகளாகப் பார்த்து எங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு வருவார். நான் தூங்குவதுபோல் நடிப்பேன்.

“நீ கேக்காட்டியும் பரவால்லட்டி, நான் எனக்குச் சொல்லிக்கிடுதேன்” என்பார்.

மேனேஜரின் அம்மா இறந்தபோது அனுதாப அட்டை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தோம். சி, ஓ, என் என்று தொடங்கும் வார்த்தை என்பதுதான் அவருக்கு ஞாபகம். ‘கண்டோலன்ஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்று அழகாக எழுதிவிட்டார். துக்கத்துக்கு வாழ்த்து. கீழே நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் விஷயம் தெரிந்ததும் அக்கா தனியாக மேனேஜர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது மட்டும்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் அட்டையை மறுபடி பார்த்துச் சிரித்துவிட்டாராம். அக்கா சிரிக்கவில்லை.

“மொத மூணு எழுத்த நம்பி எழுதிட்டேன். இனிமே கடைசி எழுத்து வரைக்கும் படிக்காம பேனாவத் தொடமாட்டேன்” என்றார்.

அப்படியே இருந்தார். சில வருஷம் கழித்து பேக்கிங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புது மேனேஜர் எங்கள் பதினோரு பேருக்கும் இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்தார். இங்கே ரிலீவ் ஆகி அங்கே சேர்வதற்குத்தான் என்றார். நான் கையெழுத்துப் போடக் குனிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நில்லுட்டி. இது ரிலீவ் இல்ல, ரிசைன். மொத ரெண்டு எழுத்துதான் ஒண்ணு. அவங்க நம்மள அனுப்பல. நாமளே வேல வேண்டாம்னு எழுதிக் குடுக்கோம்.”

மூன்று நாள் யாரும் பேனாவைத் தொடவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டியும் பார்த்தார்கள். நாலாம் நாள், மாற்றல் உத்தரவு என்று வேறு தாள் வந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தலையாட்டினார். பதினோரு பேரும் புது இடத்தில் சேர்ந்தோம். ஓய்வு பெறும் வயதுவரை அங்கேதான் வேலை பார்த்தோம். என் பிள்ளைகள் அந்த வேலையின் சம்பளத்தில்தான் படித்து ஆளானார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அவசரமின்மைதான். நேற்று எங்கள் கட்டிடத்துச் செக்ரட்டரி வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினார்.

“எல்லாரும் சைன் பண்ணிட்டாங்க ஆன்ட்டி. நீங்க மட்டும்தான் பாக்கி.”

அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவர் இரண்டு கப் சாயா குடித்துவிட்டார்.