வெளிச்சக்காரர் வீட்டு மீன்தொட்டி

பொன்னுதாஸ் 1969ஆம் ஆண்டு பாறசாலையை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தொழில், மின்வேலை. மனைவி விமலகுமாரி அதியன்னூர்க்காரர். வீட்டு முன்னறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி; அதில் தங்கமீன்கள் ஐந்து. தொட்டி வாங்கிய அதே ஆண்டு, டிசம்பர் தொடக்கத்தில், தண்ணீர் பச்சையாகத் திரண்டது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே அவர் விளக்குக் கட்டாத ஆலயத் திருநாளும் இல்லை, கோயில் உற்சவமும் இல்லை. வெளிச்சம் போட்டால் தீராத குறை உலகில் கிடையாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஆகவே மீன் தெரியவில்லை என்றதும் தொட்டியின்மேல் எல்இடி விளக்கு ஒன்றைக் கூட்டினார். பச்சையும் கூடியது. இன்னொன்றைப் போட்டார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் அதன் தலைக்குமேல் தொங்கவிட்டு இரவும் பகலும் எரியவிட்டார். கண்ணாடியைச் சுரண்டினார், தண்ணீரை மாற்றினார். இரண்டு நாளில் மறுபடியும் கீரை மசித்த நிறம்.

விமலகுமாரியின் தம்பி ஷைஜு எட்டிப் பார்த்தான்.

"அத்தான், இதுல கடுகு தாளிச்சு ஊத்தினா சோத்துக்குக் கறியாச்சு."

"போலே அங்ஙன!"

விமலகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இஞ்ச பாருங்க. சனிக்கிழமை கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட கேரல்காரங்க வருவாங்க. அதுக்குள்ள மீனு கண்ணுல படல்லேண்ணா, தொட்டி தென்னை மூட்டுலதான் கெடக்கும். சொல்லிட்டேன் ஆக்கும்."

புதன்கிழமை, வாடிக்கைக்காரர் சதானந்தன் வீட்டு மோட்டார் சுவிட்சைப் பழுதுபார்க்கப் பொன்னுதாஸ் மொட்டைமாடி ஏறினார். அங்கே தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு. மூடி உள்ள தொட்டியில் அடித்தட்டு தெளிவாகத் தெரிந்தது. மற்றதன் மூடி காற்றில் போயிருந்தது. அதன் உட்சுவரெல்லாம் வழவழவென்று பாசி. இரண்டுக்கும் கிணறு ஒன்று, குழாயும் ஒன்று. பொன்னுதாஸ் டெஸ்டரைக் கீழே போட்டார்.

"அண்ணா, கள்ளன் கிட்டிப்போட்டான்!"

"மோட்டாருலயா?" கீழேயிருந்து சதானந்தன் கேட்டார்.

"மோட்டாரு கெடக்கட்டு! வெளிச்சமாக்கும் கள்ளன்!"

"அப்போ எனக்கத் தண்ணி?"

"நாளைக்கு வாறேன்!"

ஸ்கூட்டர் பறந்தது. வீட்டுக்கு வந்தவர் விளக்குகளைக் கழற்றினார். நட்சத்திரத்தை வாசலுக்கு மாற்றினார். பாதித் தண்ணீரைப் புதிதாக்கினார். ஒலிபெருக்கிப் பெட்டிகளை மூடும் கறுப்பு ரெக்சினால் தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். காற்றுக்குழாய் மட்டும் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"கிறிஸ்துமஸும் அதுவுமா கறுப்புப் போட்டு மூடி வச்சிருக்கியளே, ஆளுவ என்ன நெனைக்கும்?"

"மூணு நாளு, விமலா. தொறக்கப்பிடாது."

"நானா தொறப்பேன்? நீங்களாக்கும் தொறப்பிய!"

அது உண்மை. அவர் கை அதற்குள் இரண்டுமுறை கயிற்றுக்குப் போய்த் திரும்பியிருந்தது. தம்மை நம்பாமல் டார்ச்சை எடுத்து மனைவியிடமே கொடுத்தார். விமலகுமாரி அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். அதன்பின் பொன்னுதாஸுக்குக் காதுதான் துணை. போகும்போதும் வரும்போதும் ரெக்சினில் காதை வைத்துக் கேட்டார்.

சனிக்கிழமை மாலை முற்றத்தில் மேளம் கேட்டது. விமலகுமாரி பதறினார்.

"முதல்ல நாம மட்டும் பாப்போம். செத்துக் கெடந்தா மானம் போவும்!"

அதற்குள் கேரல் குழு முன்னறையை நிறைத்துவிட்டது. மேளம் ஷைஜுவின் கழுத்தில்.

"அத்தான், உள்ள யாரு? கிறிஸ்துமஸ் தாத்தாவா?"

பொன்னுதாஸ் கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். ரெக்சின் சரிந்தது.

அடியில் கிடந்த கல்வரை தெளிந்த தண்ணீரில் பொன்னிறம் பளீரென்று திரும்பியது. மேளம் நின்றுவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" விமலகுமாரி கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார். "அஞ்சும் உண்டு! எலே ஷைஜு, கேக்குத் தட்டை எடுத்து இதுக்குப் பக்கத்துல வை. எல்லாரும் பாக்கட்டு!"

பொன்னுதாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. நட்சத்திரத்தைத் தொட்டிமேல் மறுபடி தொங்கவிட வாசலுக்கு ஓடினார்.

"அதுல கை வச்சா கையை ஒடிப்பேன்!"

அன்றுமுதல் தொட்டி விளக்கின் சுவிட்ச் விமலகுமாரியின் பொறுப்பு. மாலை ஜெபத்துக்கு எரியும். இரவுச் சாப்பாட்டுக்கு அணையும். தொட்டி முன்னறையிலேயே இருக்கிறது.

இப்படியே ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.