பெட்டியில் இருந்த கறுத்த ஈக்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீக்களுக்கு ஒரு நோய் வந்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே செத்து, நீர் கட்டிய பை போல உப்பின. பாறசாலையிலிருந்து குளத்தூர் வரை ரப்பர் தோட்டத்துப் பெட்டிகள் காலியாகின. எங்கள் மாமாவிடம் மட்டும் ஒரு கூட்டம் பிழைத்தது. அதைப் பிரித்துப் பிரித்தே பழையபடி தோட்டத்தை நிரப்பிவிடலாம் என்று இருந்தார்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்து போனது. பெட்டியில் புது ராணி பொரித்திருந்தது. இனி அது வெளியே பறந்து ஆண் ஈக்களோடு கூடித் திரும்ப வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு பெட்டி கிடையாது. ஆண் ஈ என்றால் இந்தப் பெட்டியில் இருப்பவைதான்.

அப்போதுதான் சபைச் செயலாளர் வந்தார். காட்டாக்கடையில் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர். சட்டைப் பையில் எப்போதும் பூதக்கண்ணாடி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆட்கள் தீப்பெட்டியில் பூச்சி பிடித்து வைத்துக்கொண்டு அவருக்காக நிற்பார்கள். பிரசங்கத்தின்போது தூங்கியவர்கள்கூட அங்கே விழித்திருப்பார்கள். அவர் கண்ணாடியைப் பூச்சியின் மேல் வைத்து, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். "விஷமுள்ளதாக்கும்" என்பார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

பெட்டி வாசலில் பருத்த கறுப்பு ஈக்களைக் கண்டதும் அவர் கையை உயர்த்தினார்.

"இது கடந்தலாக்கும். உள்ள கேறியாச்சு. கூட்டத்தையே தின்னு முடிக்கும்."

மாமா அவர் பக்கம் திரும்பினார். "என்ன செய்யணும் சாரே?"

"அடிச்சுக் கொல்லணும். உச்சைக்குப் பிறவுதான் வெளிய வரும். நான் வாறேன்."

சொன்னபடி தினமும் சாப்பிட்டுவிட்டு, பேரனின் பூப்பந்து மட்டையோடு வந்தார். நான் பத்திரிகையில் விடுப்பு எடுத்து ஊரில் இருந்தேன். செத்து விழுந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கடந்தல் குளவிக்கு இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். வயிற்றில் மஞ்சள் பட்டை ஓடும். இதற்கு அந்த ஒடுக்கமும் இல்லை, பட்டையும் இல்லை. கண்கள் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டியிருந்தன. மழுங்கிய வால்முனையை அழுத்தினேன், கொடுக்கு வரவில்லை. ஆண் தேனீ. செயலாளரிடம் சொன்னேன்.

"மக்கா, பேப்பர்ல எழுதுகதும் பிராணிய பாத்துத் திரிச்சறியதும் ஒண்ணில்ல கேட்டியா? சர்டிபிக்கேட் உண்டா உனக்கு?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். "அவரு படிச்சவரு, நீ சும்மா இரு மக்கா" என்றார் மாமா. மட்டை மறுபடி வீசியது. ராணி இணைசேரப் பறக்கும் நேரமும் அதே மதியம்தான்.

மாசம் இரண்டு கழிந்து மாமா மூடியைத் திறந்தார். வேலைக்கார ஈக்களின் அறை மூடி தட்டையாக இருக்கும். இங்கே எல்லா மூடிகளும் கூம்பாகப் புடைத்து, நுனியில் ஊசித் துளையோடு நின்றன. ஆண் ஈயின் அறைகள். ஆண் ஈயோடு கூடாத ராணி இடும் முட்டையில் ஆண்தான் பொரிக்கும். உழைக்கப் புது ஈ ஒன்றுகூட இல்லை. பழையவை செத்து அடிப்பலகையில் கிடந்தன. அவற்றின் மேல் பருத்த கறுப்பு ஈக்கள் ஊர்ந்தன.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "பாத்தியளா? நான் எடையில ஒரு நாளு வரல்ல. அதுக்குள்ள முட்ட இட்டுப் பெருகியாச்சு. அப்பமே சொன்னேனில்லியா, கடந்தலுண்ணு!"

மாமா கையிலிருந்த மூடியைத் திரும்பப் பெட்டி மேல் வைக்காமல் அவரிடமே நீட்டினார். செயலாளர் அதை வாங்கி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, வெறும் பலகையை ஆராயத் தொடங்கினார்.