ஓரத்துக்கு நகர்ந்த கம்பி

ஓசூரில் ஒரு பேட்டரி ஆய்வுக்கூடம். அங்கே மேகலாவுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுச் செய்கிற வேலை. பெட்டிக்குள் காற்றும் கிடையாது, ஈரமும் கிடையாது. ஆர்கான் வாயு மட்டும். பெட்டியோடு சேர்ந்த ரப்பர் கையுறைக்குள் கையை நுழைத்துவிட்டால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது.

பேட்டரி செல்லுக்கு இரண்டு முனை. இரண்டுக்கும் இடையில் எத்தனை வோல்ட் என்று மீட்டர் சொல்லும். எந்த முனை தனியாக என்ன பாடுபடுகிறது என்று சொல்லாது. அதற்குத்தான் சோதனைச் செல்லின் நடுவில் முடி போல மூன்றாவது கம்பி ஒன்றை வைப்பாள். எல்லா அளவும் அதிலிருந்து எடுப்பதுதான்.

வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சோதனை முடிந்து, ஆபத்தில்லை என்றே அளவு வந்திருந்தது. மறுநாள் முதல் அவளுக்கு லீவு. விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடக்கும் கணவன் திருமலையை, அவன் அக்கா ருக்மணி மத்தூரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மாங்காய் பறிப்பு. காலையில் அவள் கிளம்பியாக வேண்டும். திருமலையின் முதுகுப்புண் இப்போதுதான் ஆறிவருகிறது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடாவிட்டால் மறுபடி வாய்திறக்கும்.

அன்று மாலை, சோதித்து முடித்த செல்லைப் பெட்டிக்குள் பிரித்தாள். கம்பி நடுவில் இல்லை, ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. பொன்னிறமாக இருக்க வேண்டிய தகட்டின் நடுவில் சாம்பல் பூத்ததுபோல லித்தியம் படிந்திருந்தது. ஓரத்துக் கம்பிக்கு நடுவில் நடந்தது தெரியவில்லை. அந்த வேகத்தில் சார்ஜ் ஏற்றினால் மின்சார வண்டியில் தீப்பிடிக்கலாம். பார்த்தது அவள் ஒருத்திதான். கழிவு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பொறியாளர் கோபியைக் கூப்பிட்டாள். அவன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தான்.

"நாளைக்குப் பிரிச்சிருக்கக் கூடாதாக்கா? நானும் நிம்மதியா தூங்கியிருப்பேன்."

"நாளைக்கு யாரு சார் பிரிப்பாங்க?"

"அதான். புது செல் கட்டி மறுபடி சோதிக்கவும் யாரு இருக்கா? இந்த வேலை தெரிஞ்ச இன்னொருத்தி பொற்கொடி, அவளும் பெங்களூரு போயிட்டா. உங்க லீவை நான் எப்படி விடறது, நீங்களே சொல்லுங்க."

மேகலா கையை உருவிக்கொண்டு வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கம்பி நகர்ந்துதாம், இவ லீவும் போச்சாம்," என்று ருக்மணி திருமலையிடம் சொல்வது கேட்டது. பிறகு, "சரி விடு. காலையில வேன் சொல்லி இவனை மத்தூருக்கே இட்டுக்கிட்டுப் போறேன். மண்டியில மாங்கா கூடைங்களுக்கு நடுவுல கிடக்கட்டும்."

பின்னாலிருந்து திருமலையின் குரல்: "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?"

மேகலா ருக்மணியிடமே பேசினாள். அவனைக் கேட்டால் வேண்டாம் என்பான். வேண்டாம் என்றால் வேறு வழி கிடையாது.

"அண்ணி, வேன்ல மல்லாக்கப் போடாதீங்க. இடது பக்கமா ஒருக்களிச்சு, முட்டிக்கு நடுவுல தலகாணி. வழியில குருபரப்பள்ளியில நிறுத்தி ஒரு தடவை புரட்டிடுங்க."

போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டு வந்து, மறுபடி கையுறைக்குள் இரண்டு கையையும் நுழைத்தாள்.