அஞ்சாவது ஆளுக்கு இடமில்லாத ஊர்

கனடாவிலயிருந்து வந்த அந்தக் கடிதத்தில ரெண்டு ஊர் இருந்தது. ரெண்டில எதில வீடெடுக்கிறதெண்டு என்னைச் சொல்லச்சொல்லி அவர் எழுதியிருந்தார். கலியாணம் கட்டி ஒன்பது வருசத்தில என்ர மனிசன் என்னட்டை அபிப்பிராயம் கேட்ட முதல் விசயம் அதுதான். மற்றதெல்லாம் அக்காவிட்டைத்தான் கேக்கிறது. குழம்புக்குப் புளி காணுமோ எண்டதும் அக்காவிட்டை. எனக்குக் காய்ச்சல் வந்தா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறதோ வேண்டாமோ எண்டதும் அக்காவிட்டை.

சண்டை நடந்த வருசங்கள். மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில, பெருநிலப் பக்கத்து மீன்பிடி ஊர் எங்கட. தீவு ஆமியிட்ட, நாங்கள் இருந்த பக்கம் இயக்கப் பெடியளிட்ட. அவர் கனடாவுக்குப் போய் மூண்டு வருசமாகியிருந்தது. வீட்டில நானும், ஏழு வயதிலயும் நாலு வயதிலயும் ரெண்டு பெட்டைப் பிள்ளையளும், அவரின்ர அக்காவும். அவ எனக்கு மச்சாள். தாய் தகப்பன் போனபிறகு கருவாட்டு வாடியில மீன் வெட்டிக் காயவைச்சுத் தம்பியை வளர்த்தவ. தான் கலியாணம் கட்டேல்லை. எழுத்து வாசிப்பும் தெரியாது.

கடிதத்தில இருந்த முதல் ஊர் நகரத்துக்குக் கிட்ட. நாலாம் மாடியில ரெண்டு அறை. யன்னலைத் திறந்தாப் பள்ளிக்கூடம் தெரியுமாம், பிள்ளையள் பெரிய றோட்டைக் கடக்கவே தேவையில்லையாம். பூங்கா, நூலகம், நடக்கிற தூரத்தில கோயில், ஆசுப்பத்திரி, பொலிஸ் நிலையம், ரயில், எல்லாம் இருக்கு. ஆனா வீட்டுக்காரன் நாலு பேருக்கு மேல விடமாட்டான். மற்ற ஊர் பஸ் ஓடி முடியிற இடத்தில. சுத்திவரத் தொழிற்சாலையள், பள்ளிக்கூடத்துக்குப் பனிக்குள்ள பஸ் ஏறித்தான் போகவேணும். ஆனா வீடு பெரிசு, மூண்டு அறை. ‘அங்க எடுத்தா அக்காவையும் கூப்பிடலாம். அவவுக்கெண்டு ஒரு அறை காட்டினாத்தான் விண்ணப்ப ஃபோமில பேர் எழுத விடுவினமாம். அக்காவையும் கேட்டு யோசிச்சு எழுது’ எண்டு அவர் முடிச்சிருந்தார்.

யோசிக்க என்ன கிடக்கு? தேத்தண்ணி ஆறமுந்தி நான் முடிவெடுத்திட்டன்.

மச்சாள் என்னை அடிச்சதில்லை, பட்டினி போட்டதில்லை. அப்பிடி ஏதாவது செய்திருந்தா இண்டைக்கு எனக்குச் சொல்ல ஒரு நியாயமாவது இருந்திருக்கும். நான் சமைச்ச கறியை வாயில வைச்சுப் பாத்திட்டு, ஒண்டும் பேசாமல் உப்புப் போடுவா. செபமாலை சொல்லேக்க நான் ஒருக்காக் கொட்டாவி விட்டா, அடுத்தநாள் கிணத்தடி முழுக்கத் தெரியும். இளையவள் முதல்முதல் சொன்ன சொல்லு அம்மா இல்லை, மாமி. நான் மன்னார் ரவுணில கன்னியாஸ்திரியளிட்டைப் படிச்சனான். அவவின்ர கையில எந்தச் சவுக்காரத்துக்கும் போகாத கருவாட்டு மணம். அந்தக் கையோட அவ என்ர பிள்ளையளின்ர தலையைத் தடவேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். கனடாவுக்கும் இந்த மணம் வரவேணுமோ எண்டுதான் அண்டைக்கு நினைச்சன். இதுதான் உண்மை. வேற பெரிய காரணம் ஒண்டுமில்லை.

அண்டைக்கே பதில் எழுதினன். ‘முதல் ஊரையே எடுங்கோ, பிள்ளையளுக்கு அதுதான் நல்லது. மச்சாளைக் கேட்டனான். வரமாட்டாவாம். மடு மாதாவை விட்டிட்டு நான் எங்க போறதெண்டு அழுகிறா. கட்டாயப்படுத்தவேண்டாமாம்.’ மாதாவின்ர பேரைச் சேர்த்தா அவர் மறுபேச்சுப் பேசாமல் நம்புவாரெண்டு எனக்குத் தெரியும். எழுதி முடிச்சு, சோத்துப் பருக்கையால ஒட்டி, நானே தபால் கந்தோரில கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தன்.

பின்னேரம் வாடியால வந்த மச்சாள் கால் கழுவ முதலே கேட்டா.

“தம்பி என்னவாம்? வீடு பாத்திட்டானோ?”

“பாத்திட்டாராம் மச்சாள். உங்களையும் கேக்கச் சொன்னவர், எப்பிடி இடம் வேணுமெண்டு.”

ஏன் அப்பிடிச் சொன்னனான்? சொல்லுறன். பேப்பர் சரிவர எப்பிடியும் ஒரு வருசம் போகும். அந்த ஒரு வருசமும் சங்கக்கடை வரிசையில நிக்கிறதும், தண்ணி அள்ளுறதும், செல் அடிக்கேக்க இளையவளை இடுப்பில தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடுறதும் மச்சாள்தான். தன்னைக் கூட்டிக்கொண்டு போகாயினமெண்டு தெரிஞ்சா அவ இதுகளைச் செய்வாவோ? செய்திருப்பா, எனக்கு இப்ப தெரியும். அப்ப நான் என்னைப்போலத்தான் எல்லாரையும் நினைச்சன்.

மச்சாள் கதிரையில இருந்து, ஊர் எப்பிடி இருக்கவேணுமெண்டு விரலை மடிச்சு மடிச்சுச் சொல்லத் தொடங்கினா.

“பாலத்துக்குக் கிட்ட வேண்டாம் பிள்ளை. பாலமெண்டா ஆராவது உடைப்பாங்கள். பொலிஸ் நிலையம் கிட்ட இருந்தா வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு அடிக்கிறது எங்கட தலையிலதான் விழும். ரயில் பாதையும் வேண்டாம்.”

“ஆசுப்பத்திரி மச்சாள்?”

“விசரோ உனக்கு? பொம்மர் வந்தா முதல் அங்கதான் குண்டு போடுவான். அதோட மாடிவீடு வேண்டாமெண்டு எழுது. ஹெலிக்காரனுக்கு நல்லாத் தெரியும். கோயிலெண்டா வளவு பெரிசா இருக்கவேணும், ஊரே வந்து படுக்கக்கூடினமாதிரி. மடுக் கோயிலிலயே அண்டைக்கு இடம் காணாமல் மரத்தடியில கிடந்தனாங்கள், மறந்திட்டியோ?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள போய்ச் சிரிச்சன். அவர் எழுதின நல்ல ஊரை அவ ஒவ்வொரு விரலா மடிச்சு இல்லாமல் பண்ணிப்போட்டா! கனடாவில ஆர் மச்சாள் பொம்மர் விடுறது எண்டு கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. “எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். கீழ்வீடு, பாலமில்லை, பொலிஸில்லை. உங்களுக்கு முன்னறை” எண்டு சொன்னன். அவவின்ர வாய் காதுமட்டும் போனது. அண்டையில இருந்து ஒவ்வொரு கடிதமும் வரேக்க, நான் அவவுக்கு இல்லாத ஒரு ஊரை வாசிச்சுக் காட்டினன். முன்னறையில வெயில் படுமோ எண்டு கேட்டா. படும் எண்டன். கருவாடு காயவைக்க முற்றம் இருக்குமோ எண்டா. அதுக்கும் ஓம் எண்டன். பொய் சொல்லுறது எனக்கு அவ்வளவு சுகமா வந்தது.

ஒரு வருசம் கழிச்சு, கொழும்புக்கு வரச்சொல்லிக் கனடாத் தூதரகத்துக் கடதாசி வந்தது. மூண்டு பேர்தான் அதில. மச்சாளுக்கு வாசிக்கத் தெரியாட்டியும் எண்ணத் தெரியும்.

“எனக்கு?” எண்டு கேட்டா.

“உங்கட ஃபோம் தனியா வருமாம். பிள்ளையள் இருக்கிற ஆக்கள் முதல், மற்றவை பிறகு.”

“ஓம், அது சரிதானே” எண்டா. அவ்வளவுதான், நம்பீட்டா.

கொழும்புக்குப் போறதெண்டா எங்கட பக்கத்தில பெடியளிட்டைப் பாஸ் எடுக்கவேணும். பாஸ் எடுக்கிறதெண்டா பிணை வைக்கவேணும். போற ஆள் திரும்பி வருமெண்டு, வீட்டு ஆள் ஒருத்தர் கைநாட்டு வைச்சு ஊரில நிக்கவேணும். போன ஆள் வராட்டி, பிணை நிண்ட ஆளுக்குப் பிறகு பாஸே இல்லை, செத்தாலும் அங்கதான். இது ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குப் பிணை நிக்க மச்சாளைத் தவிர வேற ஆர் இருக்கினம்?

கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு வந்தா. பாஸ் கந்தோரில மேசைக்கு அங்கால இருந்தவர் எங்கட பேரையெல்லாம் எழுதிப்போட்டு, மச்சாளை நிமிந்து பாத்தார்.

“அம்மா, இவை திரும்பி வருவினமோ?”

“வராமல்? வைத்தியம் காட்டத்தானே போகினம்.” அப்பிடிச் சொல்லச்சொல்லி நான்தான் அவவுக்குச் சொல்லிக் குடுத்தனான்.

“வராட்டி நீங்கள் இஞ்சயிருந்து அசையேலாது. விளங்குதோ?”

மச்சாள் என்னைத் திரும்பிப் பாத்தா. உன்ர வாயால ஒருக்காச் சொல்லு எண்டு கேக்கிறமாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் மூத்தவளின்ர பின்னலைச் சரிபண்ணுறமாதிரிக் குனிஞ்சன். “விளங்குது தம்பி” எண்டு சொல்லி மச்சாள் பெருவிரலை மையில வைச்சா. வரேக்க எனக்கு மட்டும் கேக்க, “என்னைக் கூப்பிடேக்க தம்பி எப்பிடியும் ஒரு வழி பாப்பான், என்ன?” எண்டா. பாப்பார் மச்சாள் எண்டு சொன்னன்.

மூண்டாம் நாள் வெளிக்கிட்டம். மடுப் பக்கத்தால வவுனியா, அங்கயிருந்து கொழும்பு, பேந்து விமானம். இளையவள் மாமியின்ர கழுத்தை விடமாட்டனெண்டு கத்தினாள். மச்சாள் தன்ர கையாலயே பிள்ளையின்ர விரலை ஒவ்வொண்டாப் பிரிச்சு என்னட்டைத் தந்தா. “போட்டு வாறன் சொல்லு, மாமி பின்னால வாறன்” எண்டா. நான் திரும்பிப் பாக்கேல்லை. ஆளை விட்டாப் போதுமெண்டு இருந்தது எனக்கு.

கனடாவில நான் தெரிஞ்செடுத்த ஊர், சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஊர். காலமை யன்னலுக்குள்ளால பாத்தா என்ர பிள்ளையள் பள்ளிக்கூட வாசலுக்குள்ள போறது தெரியும். பின்னேரம் பூங்கா, சனிக்கிழமை நூலகம். மூத்தவள் ஆறு மாசத்தில இங்கிலிசில சண்டை பிடிச்சாள். அவர் சாப்பிடேக்க இடைக்கிடை, “அக்கா பிடிவாதக்காரி, வந்திருக்கலாம்” எண்டுவார். “ஓம், எவ்வளவு சொன்னனான்” எண்டு நான் சோறு போடுவன்.

ரெண்டாம் வருசம் அவவின்ர கடிதம் வந்தது. ஊரிலயிருந்த ஒரு கன்னியர்மடச் சிஸ்டரைக் கொண்டு எழுதுவிச்சு, அவரின்ர பேருக்கு அனுப்பியிருந்தா. அவர் சாப்பாட்டு மேசையில வைச்சு உடைச்சு வாசிச்சார். வாசிச்சு முடிச்சுப் பிளேட்டைத் தள்ளிவைச்சிட்டுக் கடிதத்தை எனக்கு முன்னால போட்டார்.

‘அன்பான தம்பிக்கு, எனக்குச் சுகமில்லை. காலும் வயிறும் வீங்கிக் கிடக்கு. வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போகப் பாஸ் கேட்டனான், தரேல்லை. நான் பிணை நிண்ட ஆக்கள் திரும்பி வரேல்லையாம். அவை ஏதோ அந்தரத்தில நிக்கினமாக்கும், என்ர தம்பி பெண்சாதி பொய் சொல்லுற பொம்பிளை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். என்ர ஃபோம் எப்ப வரும் தம்பி? முன்னறைதான் வேணுமெண்டில்லை. குசினியிலயும் படுப்பன்.’

அவர் கத்தேல்லை. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பன், எனக்கு வாய்க்கு என்ன குறை? “மாதாவின்ர பேரைச் சொல்லியெல்லோ எழுதினனீ” எண்டார். அவ்வளவுதான். அண்டையில இருந்து இண்டைவரைக்கும் என்னை முகம் பாத்து ஒரு முழு வசனம் பேசினதில்லை.

அந்த மாசமே அந்த வீட்டை விட்டிட்டு, பஸ் ஓடி முடியிற ஊருக்கு எங்களைக் கொண்டுபோனார். மூண்டு அறை. ஒரு அறையில புதுக் கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டு, ஃபோம் நிரப்பி அனுப்பினார். பிள்ளையள் பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டு அழுதுதுகள். ஏன் மாறினனாங்களெண்டு கேட்டுதுகள். மாமி வரப்போறா எண்டு அவர் சொன்னார்.

ஃபோம் போய்ச் சேர்ந்தது. ஆள் வரேலாமல் கிடந்தது. சிஸ்டர் எழுதினா: வெளிக்கிட அவவுக்கும் ஒரு பிணை வேணும். ஏற்கெனவே பிணை நிண்டு ஏமாந்த ஆளுக்கு ஊரில ஆர் வந்து கைநாட்டு வைப்பினம்? போன வீட்டு ஆள் ஒருத்தர் திரும்பி வந்து நிண்டா விடுவினமாம்.

“நீ போ” எண்டார் அவர், சுவரைப் பாத்துக்கொண்டு. “நான் போனா ஆம்பிளை, ஒரு பக்கமும் உயிரோட விடாங்கள். நீ போய் நில்லு, அக்கா வரட்டும்.”

“பேந்து என்னை ஆர் விடுறது?”

“அக்காவும் அப்பிடித்தானே நிக்கிறா.”

போறன் எண்டு சொன்னன். பள்ளிக்கூடம் விடட்டும் எண்டன். பேந்து மூத்தவளுக்கு முதல்நன்மைப் பூசை முடியட்டும் எண்டன். பேந்து அங்க சண்டை கூடிப்போச்சுதாம், கொஞ்சம் பொறுப்பம் எண்டன். பயம்தான். செல்லுக்கு இல்லை. அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு அவ வந்து, “வந்திட்டியோ பிள்ளை” எண்டு சிரிச்சாவெண்டா நான் என்ன செய்யிறது?

மாரி தொடங்க முதல் மச்சாள் செத்துப்போனா. ஊர்க் கோயில் சுவாமியார் போன் எடுத்துச் சொன்னார். வவுனியாவுக்குக் கொண்டுபோயிருந்தா இன்னும் கன வருசம் இருந்திருப்பாவாம். அவர் போனை வைச்சிட்டு அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். நான் குசினியில நிண்டு அழுதன். அழுததால நான் நல்லவளாகேல்லை, அது எனக்கே தெரியும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு வந்து சப்பாத்தைக் கழட்டேக்க இளையவள், மாமியின்ர கழுத்தை விடமாட்டனெண்டு கத்தின பிள்ளை, என்னட்டைக் கேட்டாள்: “அம்மா, அந்த அறை இனிச் சும்மாதானே கிடக்கும்? நான் எடுக்கட்டோ?”

“எடு” எண்டு சொன்னன். துள்ளிக்கொண்டு ஓடினாள்.